ஆறாவது காற்றுவாய்

தொண்ணூறு விநாடிக்கு
இந்த அரங்கின் காற்றை நிறுத்த முடியுமா என்று
மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே கேட்டாள்.
உள்ளங்கையைக் கூரைக்குக் காட்டி
மெல்ல மூடினாள். புரிந்துவிட்டது.

புஜைரா. ஜூன். வெளியே நாற்பத்தாறு டிகிரி.
மலை கக்குகிற சூட்டைக்
கடல் ஈரமாக்கித் திருப்பி அனுப்பும் ஊர்.
குளிரை நிறுத்து என்று
பதினோரு வருஷத்தில் என்னிடம்
ஒருவர்கூடச் சொன்னதில்லை.

மெஷினை அணைத்தால் திரும்ப எழுப்ப அரைமணி ஆகும்,
வாயை வேண்டுமானால் அடைக்கலாம் என்றேன்
தெரிந்த எல்லா மொழியையும் கலந்து.
பதின்மூன்று மீட்டர் சதுரக் கம்பளம்.
அதற்கு நேர் மேலே எட்டுக் காற்றுவாய்கள்.
ஏணியில் ஏறித் தகடுகளைத் திருப்பிக்கொண்டே போனேன்.
ஆறாவது பாதியில் நின்றது.
உப்பு தின்ற திருகு.
இன்னும் ஓர் அழுத்து அழுத்தியிருக்கலாம்.
கீழே சூப்பர்வைசர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
இறங்கிவிட்டேன்.

வொதொஷ் எமோகெ.
ஹங்கேரியில் குடும்பப் பெயர்தான் முதலில் வருமாம்,
நம் இனிஷியல் போல.
அறிவிப்பாளன் புரட்டிச் சொன்னான்.
அவள் உதடு மட்டும் அசைந்து திருத்திக்கொண்டது.

மீதிக் கதை ஃபிஸியோ ஷைனி சொன்னது,
ஐஸ் வைக்க என் அறை ஃப்ரீஸரைக் கேட்டு வந்தபோது.
மிஷ்கோல்ட்ஸ்காரி. அப்பா இரும்பாலை,
ஆலை மூடிய வருஷம் இவள் கையில் முதல் பந்து.
பதினாறில் நாட்டுக்காக ஆடினாள்.
பத்தொன்பதில் பாதத்தில் எலும்பு விரிந்தது,
மூன்று மாதம் யாருக்கும் சொல்லாமல்
அதே பாதத்தின் நுனியில் சுழன்றிருக்கிறாள்.
பெரிய போட்டி ஒன்றில் நான்காமிடம்.
"நாலாமிடத்துக்கு மேடை இல்லை சேட்டா"
என்று ஷைனி ஃப்ரீஸர் கதவைச் சாத்தினாள்.
இப்போது இருபத்தேழு. அவர்கள் கணக்கில் கிழம்.
இன்றோடு சரி.

ரிப்பன் ஆறு மீட்டர்.
என் செம்புக்குழாய்ச் சுருளும் ஏறத்தாழ அவ்வளவுதான்,
போட்ட இடத்தில் கிடக்கும்.
இதுவோ அவள் மணிக்கட்டு நினைத்ததை
அரைக்கணம் தாமதித்து
வெளியில் எழுதிக்கொண்டே வந்தது.
குளிர் நின்றதும் கூட்டம்
நிகழ்ச்சித் தாளால் விசிறத் தொடங்கியது.
அது வேறு காற்று. அதை யார் அடைப்பது?

எறிந்தாள், கூரை பார்த்து.
இரண்டு முறை உருண்டு எழுவதற்குள் இறங்க வேண்டும்.
இறங்கியது. கோலைப் பிடித்தாள். கைதட்டல்.
ஆனால் உச்சியில்
ரிப்பனின் வால் ஒரு சாண் விலகியதை
நான் பார்த்தேன்.
ஆறாவதின் கீழே.

முடிச்சு.

நின்று அவிழ்த்தால் இசை போய்விடும்.
முடிச்சோடே ஆடினாள்.
நீளம் குறைந்தது, வட்டங்கள் சிறுத்தன,
சிறுத்த வட்டத்துக்குக் கை இன்னும் விரைந்தது,
கட்டை விரலில் நடக்கிறவள்
சின்ன வீட்டுக்குக் குடிமாறியதுபோல்
எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கினாள்.
கடைசித் தாளத்தில் முதுகு வளைந்து
பின்னந்தலை குதிகாலைத் தொட,
கண் நேராகக் கூரையில்.
எதைப் பார்த்தாள் என்று கேட்காதீர்கள்.

ஏழாமிடம்.

இரவு பதினொன்று. இருக்கைகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.
நாலாம் வரிசையில் அவள்.
மடியில் ரிப்பன். நகத்தாலும் பல்லாலும்
அந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
இனி எதற்கு என்று கேட்க எனக்கு வார்த்தை இல்லை.
அவிழ்ந்ததும் நீவி, சுருட்டி, பெட்டியில் வைத்தாள்.
என்னைப் பார்த்துக் கூரையைக் காட்டினாள்:
"குட் ஏர்."
பிறகு சிரித்து, "நோ ஏர். தேங்க் யூ."
வெல்கம் என்றேன்.
நாக்கு அதற்கு மேல் புரளவில்லை.

மறுநாள் ஏணி. ஒரு சொட்டு எண்ணெய்.
ஆறாவது தகடு ஒரே அழுத்தில்
முழுக்க மூடிக்கொண்டது.
பதிவேட்டில் எழுதினேன்: எண் ஆறு, சரி.
தேதிக் கட்டத்தில்
கை தானாக நேற்றைப் போட்டது.
அடித்துத் திருத்தினேன்.